செவுத்துக்கு இந்தாண்ட இங்கிலீஷு

அட, நான் உன்ன கொற சொல்லல மிஸ்ஸு, உன் செவுத்தத்தான் சொல்றேன். சரி, உன்னியும் கொஞ்சம் சொல்றேன். ஒண்ணு நீ மெள்ள பாடம் எடு, இல்லன்னா ஓனர் கிட்ட சொல்லி இந்த நடுச் செவுத்த கூரை வரிக்கும் ஏத்து. ஆள் ஒசரத்துக்கு கட்டிட்டு அப்டியே உட்டுட்டான் அந்தாளு. நீ அந்தாண்ட தும்முனா நான் இந்தாண்ட மூக்க தொடச்சிக்கிறேன். நீ சாயங்காலம் ஆறு மணிக்கு பசங்கள உக்கார வச்சி இங்கிலீஷு எடுக்கற இல்ல, அது மொத்தமும் என் எறா கூடையில வந்து உழுவுது.

உக்காரு, உக்காரு. எழுந்துக்காத. காலைல பல்லு கூட வெளக்கலியா, பரவால்ல, எனக்கின்னா. இந்தா, கிண்ணத்த வாங்கிக்கோ. வெள்ள எறா, இப்பத்தான் ஏரிலேர்ந்து வந்துது. தல கிள்ளி, நரம்பெடுத்து, அலசியே குடுத்துட்டேன். நீ சேலத்துப் பொண்ணு, எறாவப் பாத்தா பூச்சின்னு நெனப்ப. நான் இங்கியே வாசப்படில உக்காந்துக்கறேன். அஞ்சு நிமிசம் பேசிட்டு போய்ட்டே இருப்பேன்.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்... ஆங், உன் இங்கிலீஷு. மூணு மாசமா கேக்கறேன் மிஸ்ஸு, ஓசில. எறா உரிக்கறவளுக்கு கைதான் வேல, காது சும்மாத்தான கீது. முன்னல்லாம் எஃப்எம்மு போட்டுக்குவேன். நீ வந்தப்பறம் எஃப்எம்ம நிறுத்திட்டேன், நீதான் எஃப்எம்மு. ஆனா ஒண்ணு, உன் ஸ்டேஷனு சரியா புடிக்காது. நடுவுல நாஸ்தாக் கட தேவி மிக்ஸி போட்டுடுவா. நீ ஒரு வார்த்தைய ஆரம்பிப்ப, அவ சட்னி அரைப்பா, மிக்ஸி நிக்கசொல்லோ நீ வேற வார்த்தைக்கு போயிருப்ப. அந்த மாதிரி அரகொறையா படிச்சவ நானு. அத மனசுல வச்சிக்கினு மத்தத கேளு.

மொத சந்தேகம். நமக்கு ஒரு 'ல' போதும் இல்ல? ஏரில. போட்டுல. பொன்னேரில. ஒம்போது மணில. எல்லாத்துக்கும் ஒரே 'ல', சோக்கா வேல செய்யுது, ஒரு நாளும் ரிப்பேரு ஆனதில்ல. வெள்ளக்காரனுக்கு மட்டும் இன்னாத்துக்கு மூணு? இன்னு, ஆனு, அட்டு. அன்னிக்கி நீ அந்த ராகுல் பயல எழுப்பி உட்டு கேட்டியே, 'இன் த போட்டா, ஆன் த போட்டா'ன்னு, நான் எறாவ கீழ போட்டுட்டு எங்கூட்டுக்காரர கேட்டேன். முப்பது வருசமா போட்டுலயே குந்தினு கீறாரு, அவருக்குத் தெரியாமலா போயிடும்? அவரு பீடிய எடுத்துட்டு சொல்றாரு, 'வாட காத்து ஒரு தள்ளு தள்ளுனா இன்னும் ஆனும் ஒண்ணுதான், அப்பால அண்டரு'ன்னாரு. நாள் பூரா அவரு பேசுனது அவ்ளோதான்.

அத்த உடு. ஆட்டோன்னா இன்னாம், பஸ்சுன்னா ஆனாம். பஸ்சு மேல யாரு உக்காருவா? பொங்கலுக்கு ஊருக்கு போறவன் உக்காருவான். தெனம் கூலி வேலைக்கு போறவனுமா உக்காருவான்?

இதாவது போவட்டும். அந்த ஜோடி வார்த்தைங்க கீதே, அதுங்கதான் மிஸ்ஸு என்ன பேஜார் பண்ணிடுச்சு. லுக்குன்னா பாக்கறது. சரி. லுக் ஆஃப்டருன்னா பாத்துக்கறது, லுக் ஃபாருன்னா தேடறது, லுக் டவுன்னா எளப்பமா நெனைக்கிறது. ஒரே கண்ணு, அது பக்கத்துல ஒரு துக்கடா வார்த்தைய சேத்தா, தேடுது, காப்பாத்துது, கேவலப்படுத்துது. இது இன்னா மொழியா, மோடி மஸ்தான் வேலையா?

இன்னா? தமிழ்லயும் அப்டித்தானா? எங்க, ஒண்ணு சொல்லு பாப்போம். ...வாங்கிக் கட்டிக்கறதா? அது அடி வாங்கறது. வாங்கிக் கட்டிக்கினான்னா பொடவையா கட்டுவான்? அது பொறந்த கொழந்தைக்கே தெரியும். வச்சிக்கறது வேற, வச்சி செய்றது வேற, அதையும் பொறந்த கொழந்தைக்கு... சரி, அது கொழந்தைக்கு வேணாம். ஆனா யாரும் நம்மகிட்ட போர்டுல எழுதிப் போட்டு சொல்லிக் குடுக்கல இல்ல? தானா வந்துது. தானா வந்தா அது பாஷை. உக்கார வச்சி சொல்லிக் குடுத்தா அது தண்டன.

நீ சிரிக்கற. சிரி. எம் பொண்ணும் இப்டித்தான் சிரிச்சா, மொதல்ல.

தர்ஷினிய நீ பாத்திருப்ப. ஒல்லியா, காலைல ஏழரை மணிக்கு பையத் தூக்கினு ஓடுவா. தேவதர்ஷினி, பொன்னேரில ரத்தம் டெஸ்டு பண்ற லேப்புல வேல. அவகிட்ட நான் பீத்திக்கினேன். 'இன்னாடி நெனச்ச உங்கம்மாவ, நானும் இங்கிலீஷு கத்துக்கறேன், செவுத்து வழியா. இனிமே எனக்கு மெசேஜு போட்டா இங்கிலீஷ்லதான் போடணும், தமிழ்ல போட்ட, படிக்கவே மாட்டேன்'னேன். கேட்டது யாரு? நாந்தான். இத்த மறக்காத.

அவளுக்கு ஒரே குஷி. காலைல பஸ்சு ஏறுனதும் வரும், 'அம்மா, ஐ காட் ஆன்.' எறங்குனதும், 'ஐ காட் ஆஃப்.' லேப்புக்குள்ள போனதும், 'ஐ காட் இன்.' ஏறுனாலும் காட்டு, எறங்குனாலும் காட்டு, உள்ள போனாலும் வெளிய வந்தாலும் காட்டு. நான் தேவி கிட்ட சொன்னேன், எம் பொண்ணு ஒரு அடி எடுத்து வச்சாலும் சாமி பேர சொல்லாம வைக்க மாட்டான்னு. அவளும் நம்பிட்டா. அப்பறந்தான் நீ சொன்ன, இந்த காட்டு வேற, மேல கீற காட்டு வேறன்னு.

ஒவ்வொரு மெசேஜா நானும் தடவித் தடவி படிப்பேன் மிஸ்ஸு. எறா வாட கையோட போன தொட்டு, அந்த போனே நாறும் இப்ப. ஆனா அந்த நாலு வார்த்த வந்து உழுந்தாத்தான் எனக்கு டீ எறங்கும்.

சரி, இப்ப வெசயத்துக்கு வரேன். காட்டூர் தெரியுமா? பஸ்சுல வரசொல்லோ ரெண்டு பக்கமும் நெல்லு தெரியுமே, அங்க கிருஷ்ணன்னு ஒருத்தரு. பத்து ஏக்கரு, ரெண்டு டிராக்டரு. அவருக்கு சக்கர வியாதி. அவர லேப்புக்கு கூட்டினு வந்த அவரு புள்ள, பேரு வினோத்து, எம் பொண்ணு ஊசி குத்துன அழகப் பாத்து மயங்கிட்டான். மாசத்துக்கு ஒரு டெஸ்டு எடுக்கற ஆளு வாரத்துக்கு ஒண்ணு எடுக்க ஆரம்பிச்சாரு, பாவம், புள்ளைக்காக அப்பன் ரத்தம் சிந்தறாரு. அப்பால ஒரு நாளு அவரே கார்ல வந்து எங்கூட்டு முன்னால எறங்கி பொண்ணு கேட்டாரு.

நல்லா யோசன பண்ணு மிஸ்ஸு. நெல்லு வெளையற வூடு, எறா உரிக்கிற வூட்டுல வந்து பொண்ணு கேக்குது. அவங்க ஜனம் எங்க கிட்ட மீனுதான் வாங்குவாங்க, அதுவும் கைய எட்ட வச்சிக்கினு. அந்தாளு எங்கூட்டு பிளாஸ்டிக் சேருல உக்காந்து, நான் குடுத்த டீய குடிச்சாரு. தெருவே வேலிக்கு மேல தலைய நீட்டி பாத்துது. எனக்கு அன்னிக்கி காலு தரைல படல.

தர்ஷினி இன்னா சொன்னா, 'ஒரு தடவ அவர்கிட்ட தனியா பேசிட்டு சொல்றேன்'னா. சரி, இந்தக் காலத்து புள்ள, பேசட்டும்னு உட்டேன். இந்த திங்கக்கெழம டூட்டி முடிச்சி, பொன்னேரில ஒரு பேக்கரில ரெண்டு பேரும் பப்ஸு துன்னுக்கினு பேசுனாங்க. நான் இங்க போன கைல வச்சிக்கினு குந்தினு கீறேன். ஆறேகாலுக்கு மெசேஜு.

'அம்மா, ஐ டர்ன்டு ஹிம் டவுன்.'

இப்ப நீயே சொல்லு. இல்ல, நீ சொல்லாத, நான் சொல்றேன், நான் எப்டி படிச்சேன்னு. டர்ன்னா இன்னா? பாடு. இத சொன்னது யாரு? உன் வகுப்பு. நீ 'இட்ஸ் யுவர் டர்ன், இட்ஸ் மை டர்ன்'னு பசங்கள ஒவ்வொருத்தனா எழுப்பிக்கினு இருந்த. ஒரு பையன் 'பாடு மிஸ்ஸு'ன்னான். 'பாடுன்னா?'ன்னு நீ கேட்ட. ஏரில வலை கட்டற எடத்துக்கு எல்லாரும் ஒரே நாளு போனா வெட்டிக்குவோம்னு, சீட்டு குலுக்கிப் போட்டு, இன்னிக்கி நீ, நாளைக்கி நான்னு மொற வச்சி பிரிச்சிக்குவோம், அந்த மொறதான் பாடுன்னு அவன் சொன்னான். நீ 'எக்ஸலண்ட்'ன்ன. செவுத்துக்கு அந்தாண்டயிருந்து எக்ஸலண்ட்டு வந்தா, இந்தாண்ட இருக்கறவ அத கல்வெட்டுன்னு தான நெனைப்பா?

ஆங். டவுன்னா எறங்கறது. சிட் டவுனு, கெட் டவுனு. அப்ப டர்னும் டவுனும் சேந்தா? பாட்டுக்கு எறங்கறது. எங்கூருல 'பாட்டுக்கு எறங்கியாச்சு'ன்னா இன்னா தெரியுமா? மொற வந்துடுச்சு, வலையத் தூக்கினு ஏரில எறங்கியாச்சு, இன்னிக்கி அந்த எடம் நம்முது, ஒருத்தன் கிட்ட வரக்கூடாது. ஹிம்முன்னா அவன. அவன பாட்டுக்கு எறக்கியாச்சு. பையன் நமக்குத்தான். முடிஞ்சுது. இதுல எங்க தப்பு?

நான் எழுந்து ஒரு சுத்து சுத்துனேன். மொதல்ல தேவி கடைக்கு ஓடுனேன். அப்பால மீன் ஏலம் உடற எடத்துல அந்தோணிசாமி அண்ணன் மைக்க புடிச்சிக்கினு இருந்தாரா, அவரு காதுல சொன்னேன். நான் காதுலதான் சொன்னேன், அவரு மைக்குல சொல்லிட்டாரு. ஏழு மணிக்கெல்லாம் குப்பம் பூரா தெரிஞ்சிபோச்சு. பொண்ணுக்கு அன்னிக்கி நைட் ஷிப்டும் சேத்து, வூட்டுக்கு வரல. செவ்வாக்கெழமையும் அங்கியே டபுள் டூட்டி. அவ வரதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சி வச்சி அசத்தலாம்னு எனக்கு ஆச.

புதன்கெழம காலைல ஒரு குட்டியான வண்டி புடிச்சேன். ஏழு பொம்பளைங்க, ஒம்போது தட்டு. பழம், பூ, பொடவ, ஜாங்கிரி, ஒரு தட்டுல மடவ மீனு. மீன் எதுக்குன்னு தேவி கேட்டா, நம்ம யாருன்னு அவங்களுக்கு தெரிய வேணாமான்னு சொன்னேன். பொண்ணு வூட்டுக்காரங்க மொதல்ல தட்டெடுக்கற வழக்கம் எங்க ஜனத்துல இல்ல மிஸ்ஸு. நாந்தான் ஆசைல.

காட்டூருல கிருஷ்ணன் களத்துல நெல்லு காய வச்சிக்கினு இருந்தாரு. வண்டிலேர்ந்து ஏழு பொம்பளைங்க தொப்பு தொப்புன்னு குதிக்கறத பாத்துட்டு, ஏதோ தகராறுக்கு வந்துகீறாங்கன்னு உள்ள போய் பூந்துக்கினாரு. அப்பறம் தட்ட பாத்துட்டு, சட்டைய தலைகீழா மாட்டினு வெளிய வந்தாரு. மூஞ்சில அவ்ளோ சந்தோசம். 'பையன் ரெண்டு நாளா வாயே தொறக்கல, கேட்டா ஒண்ணியும் சொல்ல மாட்டேங்கறான், நீங்களே வந்துட்டீங்களே'ன்னாரு. பையன் பாதி மூஞ்சில சோப்போட வந்து நின்னான். என்ன பாக்கறான், தட்ட பாக்கறான், மீன பாக்கறான். எம் பொண்ணு மனசு மாறிட்டான்னு நெனச்சான் போல. ஞாயித்துக்கெழம பூ வைக்க வரோம்னு அவங்கம்மா என் கைய புடிச்சி சொன்னாங்க. நாளன்னிக்கி மிஸ்ஸு. நாளன்னிக்கி வராங்க.

புதன்கெழம சாயங்காலம் தர்ஷினி வந்தா. தெரு முனைலயே யாரோ வாழ்த்து சொல்லிட்டாங்க. உள்ள வந்தவ செருப்ப கூட கழட்டல. 'டர்ன் டவுனுன்னா வேணாம்னு சொல்றது'ன்னா. 'அவன வேணாம்னு சொல்லிட்டேன்னு உனக்கு எழுதுனேன், நீ அவன் வூட்டுக்கே தட்டு தூக்கினு போயிருக்க'ன்னா. நீ அன்னிக்கி இங்க தான இருந்த? கேட்டிருக்குமே உனக்கு. செவுரு ஒரு பக்கமா மட்டும் ஓட்டையா கீது?

ஏன் வேணாம்னா? அங்கதான் கீது. அவன் நல்லவந்தானாம். பப்ஸுக்கு அவனே சாஸு ஊத்திக் குடுத்தானாம். அப்பால சொன்னானாம், 'கல்யாணத்துக்கு அப்பறம் எங்க வூட்டாளுங்க முன்னாடி இந்த இன்னா, கீது, வந்துகினு, போய்கினுல்லாம் வேணாம், கொஞ்சம் மாத்திக்கோ'ன்னு. இவ சரின்னு கேட்டுக்கினு இருந்திருக்கா. அடுத்து சொன்னானாம், 'உங்க அம்மா வந்தாங்கன்னா கொஞ்சம் கம்மியா பேச சொல்லு'ன்னு.

கம்மியா பேசணுமாம். நானு. நான் இன்னா அப்டியா பேசறேன்? ...இன்னா மிஸ்ஸு, சன்னல் பக்கம் திரும்பிக்கற?

அந்த எடத்துலதான் எம் பொண்ணு எழுந்து வந்துட்டா. பாதி பப்ஸு மிச்சம் வச்சிட்டு. எனக்காக வேணாம்னு சொன்னவள, நான் ஒம்போது தட்டுல வச்சி குடுத்துட்டு வந்துட்டேன்.

நேத்து காலைல துணியெல்லாம் பைல போட்டுக்கினு பொன்னேரி போய்ட்டா, கூட வேல செய்ற பொண்ணோட ரூம்புல தங்கிக்கறாளாம். போன் எடுக்கல. அவங்க நைனா போன மட்டும் எடுக்கறா. அவரு என்ன கண்டா பீடிய அந்தப் பக்கமா திருப்பி ஊதறாரு.

அதான் உன்னாண்ட வந்தேன். வேற ஒண்ணியும் இல்ல, நீ அவளுக்கு ஒரே ஒரு போன் போடணும். அவளுக்கு உன்மேல மரியாத. நீ சொல்லு, 'உங்க அம்மா பாவம், அவங்களுக்கு டர்ன் டவுனுன்னா தெரியாது, நான் அத நடத்தவே இல்ல, பாடுன்னு நெனச்சிட்டாங்க, இங்கிலீஷு பண்ண தப்பு'ன்னு. நீ சொன்னா நம்புவா. இந்த ரெண்டு நாளா நான் எல்லார் கிட்டியும் இப்டித்தான் சொல்லிக்கினு கீறேன், எல்லாரும் நம்பிட்டாங்க, சிரிக்கவும் சிரிச்சாங்க. காட்டூருக்காரங்க கிட்டயும் அப்டியே சொல்லி, கொஞ்ச நாளு தள்ளிப்போடலாம். அதுக்குள்ள பொண்ணு மனசு...

இன்னா?

நடத்துனியா? எப்ப?

செவ்வாக்கெழமையா. ...இருக்காது மிஸ்ஸு. நீ மறந்துட்ட. இருந்தாலும் எனக்கு எப்டி கேட்டிருக்கும், தேவி மிக்ஸி போட்டிருப்பாளே. ஆறு மணின்னா அவ சட்னிக்கு...

கரண்டு இல்லியா அன்னிக்கி?

ஆமா. கரண்டு இல்ல. செல்லு லைட்ட காட்டி பாடம் எடுத்த.

அந்த எறாவ கொஞ்சம் மூடி வை மிஸ்ஸு, ஈ உக்காருது.

...கேட்டுச்சு. ஒரு வார்த்த உடாம கேட்டுச்சு. மிக்ஸி இல்ல, ஃபேன் சத்தம் கூட இல்ல, உன் தொண்ட மட்டும். 'டர்ன் டவுன், மறுத்துவிடு, வேண்டாம் என்று சொல்லு.' ரெண்டு தடவ சொன்ன. பசங்கள உட்டு மூணு தடவ சொல்ல வச்ச. என் கைல இருந்த எறா அப்டியே நின்னுச்சு. அதுக்கப்பறம் அந்த போன எடுத்து அவ மெசேஜ மறுபடி படிச்சேன். நாலே வார்த்த, நல்லா புரிஞ்சுது. மூணு மாசத்துல ஒழுங்கா புரிஞ்ச மொத பாடம் அதான்.

புரிஞ்சிதான் மிஸ்ஸு மக்காநாளு, புதன்கெழம, வண்டி ஏறுனேன்.

ஏன்னு கேக்காத, நானே சொல்றேன். திங்கக்கெழம சாயங்காலம் மைக்குல சொல்லிட்டாங்க இல்ல? செவ்வாக்கெழம காலைல நான் தண்ணி புடிக்கப் போனா, எனக்கு முன்னாடி நின்னவ கொடத்த நவுத்தி வச்சி வழி உட்டா. இருபது வருசத்துல ஒருத்தி உட்டதில்ல. ஏலத்துல எனக்கு சேரு போட்டாங்க. எனக்கு அது புடிச்சிப்போச்சு. பொண்ணு வேணாம்னுட்டான்னு நான் எப்டி திரும்பிப் போய் சொல்லுவேன், எந்த மூஞ்சிய வச்சிக்கினு? அப்பத்தான் தோணுச்சு, நமக்குத்தான் இங்கிலீஷு தெரியாதே. யாருக்கு தெரியும் நமக்கு தெரியும்னு? தட்டு போயிட்டா, பூ வச்சிட்டா, அவளும் சும்மா இருந்துடுவா. யாராவது கேட்டா டர்ன்னா பாடுன்னு நெனச்சேன்னு சொல்லி சிரிச்சிக்கலாம். பாடுன்னு நெனச்சது நெஜம் மிஸ்ஸு, செவ்வாக்கெழம சாயங்காலம் வரிக்கும். அதுக்கப்பறம் அது பொய்யி. இன்னும் மோசமா சொல்லட்டா? அவன் என் பேச்ச பத்தி சொன்னான்னு அவ சொன்னப்ப கூட, எனக்கு மொதல்ல தோணுனது, கம்மியாத்தான் பேசிட்டு போவமே, இன்னா கொறஞ்சிடுச்சுன்னு. எம் பொண்ணுக்கு வந்த ரோஷம் எனக்கு வரல.

நீ ஒண்ணியும் சொல்லாத. இத மட்டும் படிச்சி சொல்லு. இன்னிக்கி காலைல வந்துது. ரெண்டு நாளைக்கு அப்பறம் இது ஒண்ணுதான் வந்துது, கேட்டபடியே இங்கிலீஷ்லதான் போட்டுகீறா. 'ஐ ஹாவ் கிவன் அப் ஆன் யூ, அம்மா.' நான் முட்டி மோதி பாத்தேன். கிவ்வுன்னா குடுக்கறது. அப்புன்னா மேல. ஆன் யூன்னா உன் மேல. ஏதோ ஒசத்தியா எனக்கு குடுத்துகீறான்னு வருது. கோவம் போய்டுச்சோன்னு நெனச்சி, அந்த ஆசைல தான் எறாவ எடுத்துக்கினு உன் கதவ தட்டுனேன்.

சொல்லு மிஸ்ஸு. ...மெள்ள சொல்லு, எங்கூட்டுக்காரரு அந்தாண்டதான் கீறாரு.

...ஓ.

அவ்ளோதானா. இனிமே உங்கிட்ட எதையும் எதிர்பாக்கலன்னு. உன்ன உட்டுட்டேன்னு.

இல்ல, அழல. எறா கைய கண்ணுல வச்சிட்டேன், எரியுது.

இந்த போன்ல அந்த கிருஷ்ணன் நம்பரு கீது பாரு, காட்டூர் சம்பந்தின்னு போட்டு வச்சிருக்கேன். அத்த அமுத்தி குடு, எனக்கு கண்ணு சரியா தெரியல. ஸ்பீக்கர்ல போடு, செவுத்துக்கு அந்தாண்ட அவரும் கேக்கட்டும், இன்னிக்கி யாருக்கும் மறைக்கறதா இல்ல. நீயும் போவாத. கூட உக்காரு.

...அலோ. அண்ணா, நான் காந்தா பேசறேன்ணா, பழவேற்காட்லேர்ந்து. நல்லாகீறோம்ணா. ஞாயித்துக்கெழம வர வேணாம்ணா. ...இல்ல, தள்ளிப்போடல. வேணவே வேணாம். எம் பொண்ணு திங்கக்கெழமையே உங்க புள்ள கிட்ட வேணாம்னுட்டா, எனக்கும் எழுதிப்புட்டா. நாந்தான் தெரிஞ்சே தட்டு தூக்கினு வந்தேன். அந்த தப்பு என்னுது. உங்க காலுல வேணா உழறேன், ஆனா பொண்ண மாத்த சொல்ல மாட்டேன். ...ஆமாண்ணா, உங்க புள்ள அங்கதான கீறாரு, அவரு கிட்ட போன குடுங்க.

...தம்பி, கேக்குதா? நான் கொஞ்சம் நெறையவே பேசுவேன், போன வைக்காம கேளு.